தங்கியல்: சென்னைக்குச் செல்வோர்க்கு ஏழு நூற்பாவும் உரையும்

பாயிரம்

தமிழில் எழுத்துக்கு இலக்கணம் உண்டு. சொல்லுக்கு உண்டு. யாப்புக்கும் அணிக்கும் உண்டு. வீடு கட்ட மனையடி சாஸ்திரமும், வீட்டைவிட்டுப் புறப்படச் சூலமும் ராகுகாலமும் இருக்கின்றன. பல்லி விழுந்தால் என்ன பலன் என்பதை, அது விழுந்த உறுப்புவாரியாகப் பிரித்துப் பஞ்சாங்கத்தில் முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால், வெளியூர்க்காரர் ஒருவர் சென்னையில் வந்து இறங்கினால் ராத்திரி எங்கே தலை சாய்ப்பது என்பதற்கு மட்டும் நூல் இல்லை. அக்குறை தீர எழுந்ததே இத்தங்கியல்.

பாயிரத்துக்கு எட்டு உறுப்பு வேண்டும் என்பது மரபு. அவற்றுள் முக்கியமானவற்றைச் சொல்லிவிடுவோம். இந்நூலின் எல்லை: வடக்கே எண்ணூர், கிழக்கே கடல், மேற்கே ஆவடி, தெற்கே கூடுவாஞ்சேரி. கூடுவாஞ்சேரி செங்கல்பட்டு மாவட்டத்தில் அல்லவா இருக்கிறது என்று கேட்பவர்கள், அங்கே குடியிருக்கும் தங்கள் உறவினரிடமே கேட்டுக்கொள்ளலாம். ‘சென்னையில் இருக்கிறோம்’ என்றே அவர்கள் சொல்வார்கள். கேட்போர்: தேர்வாணையத்துக்கு வருபவர், ஆஸ்பத்திரிக்கு வருபவர், விசா நேர்காணலுக்கு வருபவர், கல்யாணத்துக்கு வருபவர், ‘சும்மா ஒரு வேலையா’ வருபவர். பயன்: உறக்கம். நூலாசிரியரும் உரையாசிரியரும் ஒருவரே. ஆகவே உரை எங்கும் மூலத்தை மறுக்கவில்லை.

முன்னோர் கண்ட முடிபு

பெருநகரில் தங்க இடம் தேடிய கதையைத் தமிழில் விரிவாகச் சொல்லும் மூத்த நூல் சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரையை அடைந்து, கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகிறார்கள். நகரத்து வணிகரிடம் தன் நிலையைத் தெரிவித்து வருகிறேன் என்று சொல்லிக் கோவலன் உள்ளே போகிறான். போனவன் தெருத்தெருவாக மதுரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். அந்தப் பகுதிக்கு ஊர்காண் காதை என்றே பெயர். கடைசியில் தம்பதியர் தங்கியது இடையர் குலத்து மாதரியின் அடைக்கலத்தில்.

புகாரில் பெருவணிகன் மகனான ஒருவனை மதுரையின் பெருவணிகர் யாரும் ஏற்றிருக்க மாட்டார்களா? ஏற்றிருப்பார்கள். ஏற்று, இலை போட்டு, ‘தம்பி, அப்பா சொத்தெல்லாம் என்ன ஆச்சு?’ என்றும் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவன் தன் இனத்தார் வீட்டுப் பக்கம் போகவில்லை என்பது இவ்வுரையாசிரியரின் கருத்து. தங்குமிடம் என்பது யாருக்குப் பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது என்ற உண்மை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஓர் அறையில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு வைணவ மரபு விடை சொல்லியிருக்கிறது. மழை பெய்த ஓர் இரவில் திருக்கோவலூரில் ஒரு வீட்டு இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம் என்ற அளவிலான இடம். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், மூவரும் நின்றார்கள். நான்காவதாகக் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் வந்து நெருக்க, வந்தவர் பெருமாளே என்று தெரிந்தது. திவ்வியப் பிரபந்தத்தின் முதல் மூன்று திருவந்தாதிகள் அந்த நெரிசலில் பிறந்தன. இன்றைய லாட்ஜ்காரர்களும் இந்த அளவையையே பின்பற்றுகிறார்கள். ‘டபுள் ரூம்’ என்றால் இருவர். மூன்றாம் ஆளுக்கு ‘எக்ஸ்ட்ரா பெட்’. நான்காம் ஆள் வந்தால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துகொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் சத்திரங்கள் வந்தன. 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் வளர்ந்து வளர்ந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. வடசென்னைப் பெரியவர்கள் இன்றைக்கும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம், ரயிலில் வந்து இறங்கியவர்கள் மூட்டையை இறக்கவென்றே எழுந்தது. பல சத்திரங்களில் மூன்று நாளுக்கு மேல் தங்க விடமாட்டார்கள். விருந்துக்கும் மருந்துக்கும் மூன்று நாள் என்று பழமொழியும் சொல்கிறது. இவ்விரண்டில் எது எதைப் பார்த்துக் கற்றது என்பதை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம்.

1. பொதுவிதி

‘இடமும் பொருளும் ஏவலும் என்னும்
தடம்மூன் றாகும் தங்குதல் இயலே.’

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், தங்குமிடத்தை அளக்கும் கோல்கள் எவை என்பது உணர்த்துதல் நுதலிற்று. இடம் என்பது போக வேண்டிய காரியத்துக்கும் படுக்கும் பாய்க்கும் இடையே உள்ள தூரம். பொருள் என்பது செலவு. ஏவல் என்பது அங்கே நம்மை யார், எப்போது, என்ன வேலை சொல்வார்கள், என்ன கேள்வி கேட்பார்கள் என்பது.

புதிதாக வருபவர்கள் முதல் இரண்டை மட்டுமே கணக்குப் போடுகிறார்கள். செல்போன் செயலிகளும் வாடகை, தூரம் என்று இரண்டு கட்டம்தான் வைத்திருக்கின்றன. மூன்றாவது கட்டத்தை எந்தச் செயலியும் வைக்கவில்லை. ‘இந்த விடுதியில் தங்கினால் உங்கள் சின்ன மாமியார் கோபித்துக்கொள்வார்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டும் செயலி வரும்வரை இந்நூலுக்குத் தேவை இருக்கும்.

2. இடவியல்

‘இறங்கும் நிலையம் எதுவோ அதுவே
உறங்கும் தெருவை உரைக்கும் என்ப.’

சென்னையில் எங்கே தங்குவது என்பதை வருகிறவர் முடிவு செய்வதாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் அதை முடிவு செய்தது ரயில்வே. 1908இல் திறந்த எழும்பூர் நிலையம் தெற்கத்தி ரயில்களுக்கு வாசல் ஆயிற்று. பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர், மலைக்கோட்டை, உழவன் எல்லாம் அங்கே வந்து நிற்கும். ஆகவே மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி, திருச்சி, தஞ்சாவூர்க்காரர்கள் எழும்பூர் வாசலில் காந்தி இர்வின் சாலையைத் தாண்டி, கென்னட் லேன் லாட்ஜுகளில் பையை வைப்பார்கள். சேரனும் நீலகிரியும் ஏற்காடும் 1873இல் திறந்த சென்ட்ரலுக்குப் போகின்றன. ஆகவே கோவை, ஈரோடு, சேலத்துக்காரர்கள் பெரியமேட்டிலும் வால்டாக்ஸ் சாலையிலும் அறை கேட்பார்கள். இரண்டு நிலையங்களும் மெட்ரோவில் அடுத்தடுத்த நிறுத்தங்கள்தான். ஆனாலும் ஒரு நெல்லைக்காரர் காரணமில்லாமல் பெரியமேட்டில் தங்கினார் என்று கேள்விப்பட்டால், அவருக்கு வீட்டில் ஏதோ மனஸ்தாபம் என்றே ஊரில் எடுத்துக்கொள்வார்கள்.

எழும்பூர் லாட்ஜுகளின் பலகையில் ‘24 மணி நேரம்’ என்று எழுதியிருப்பது ஏன்? இரவு ரயிலில் ஏறியவர் விடியற்காலையில் வந்து இறங்குகிறார். வேலையை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்பும் ரயிலைப் பிடிக்கிறார். பெரிய ஓட்டல்களின் பகல் 12 மணிக் கணக்குப்படி இவர் தங்கியது இரண்டு நாள். 24 மணிக் கணக்குப்படி ஒரு நாள். இவருடைய முழுத் தேவை ஒரு பக்கெட் வெந்நீர், ஒரு கண்ணாடி, சட்டை மாட்ட ஓர் ஆணி, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர ஒரு கட்டில். 24 மணி நேரம் என்ற விதி சொகுசுக்காக வந்ததல்ல. ரயில் அட்டவணையைப் பார்த்து வந்தது.

பேருந்தில் வருபவர் நிலை வேறு. பாரிமுனையில் இருந்த வெளியூர் நிலையம் 2002இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. தென்மாவட்டப் பேருந்துகளுக்கான நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் திறந்தது. பாரிமுனையில் இறங்கிய காலத்தில் சென்னைக்கு நடுவே இறங்கினோம். கோயம்பேட்டில் ஓரத்தில் இறங்கினோம். இப்போது வண்டலூர்ச் சிங்கத்தின் உறுமல் கேட்கும் தூரத்தில் இறங்குகிறோம். இதே வேகத்தில் போனால் பேருந்து ஒருநாள் பயணியின் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். அப்போது தங்குமிடச் சிக்கலும் தானே தீரும்.

இனி, நிலையத்தை மீறும் ஒன்று உண்டு, அது காரியம். கிரீம்ஸ் சாலைப் பக்கம் 1983இல் அப்போலோ ஆஸ்பத்திரி வந்த பிறகு, சுற்றுத் தெருக்களில் விடுதிப் பலகைகளில் வங்காள எழுத்து ஏறியது. அங்கே தங்குபவர் எந்த ரயிலில் வந்தாலும் அங்கேதான் தங்குவார். அறையில் அடுப்பு உண்டா என்பதே அவருடைய முதல் கேள்வி, ஏனென்றால் நோயாளிக்குக் கஞ்சி வைக்க வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வருபவருக்கும், கல்லூரிச் சாலையில் சங்கர நேத்ராலயாவுக்கு வருபவருக்கும் இதே கணக்கு. இவர்களிடம் இந்நூலின் கேலி செல்லாது.

விசாவுக்கு வருபவர் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு நடக்கும் தூரத்தில் இடம் பிடிப்பார். மறுநாள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு ராத்திரி முழுக்கக் கண்ணாடியிடம் பதில் சொல்லிப் பார்க்க அவருக்குத் தனியறை அவசியம். சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க வந்தவருக்கு ஓமந்தூரார் அரசினர் தோட்டத்து எம்.எல்.ஏ. விடுதி. தொகுதி ஒன்றுக்கு ஓர் உறுப்பினர். உறுப்பினருக்கு ஓர் அறை. அறைக்கு எத்தனை தொகுதிக்காரர்கள் என்பதைத் திருக்கோவலூர் இடைகழி அளவையால் அறிந்துகொள்க.

திருவல்லிக்கேணி மேன்சன்களைத் தனியே சொல்ல வேண்டும். பார்த்தசாரதி கோயிலுக்கும் கடற்கரைக்கும் பக்கத்தில், கல்யாணமாகாத ஆண்களை மாடி மாடியாக அடுக்கி வைத்த கட்டடங்கள் அவை. சினிமாவில் சேர வந்தவர், வக்கீலுக்குப் படித்தவர், போட்டித் தேர்வுக்குப் புத்தகம் சுமந்தவர் எல்லோரும் அங்கே ஒரு கட்டிலுக்கு மாத வாடகை கொடுத்தார்கள். ஊரிலிருந்து வரும் நண்பன் அங்கே ‘கெஸ்ட்’. பகலில் அறையில் இருப்பான். ராத்திரி மொட்டை மாடியில் படுப்பான். மேனேஜர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் இரண்டு இடத்திலும் இருக்கமாட்டான். இடம் முதல் தரம்: வாசலில் பேருந்து, பக்கத்தில் மெரினா, 1948இலிருந்து இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிடும் ரத்னா கஃபே. குறை என்று ஒன்று உண்டென்றால் காலையில் குளியலறை வரிசை. ஆனால், பெரிய ஓட்டல்களில் வராத நட்பெல்லாம் அந்த வரிசையில்தான் வந்திருக்கிறது.

3. பொருளியல்

‘உறவினர் வீட்டில் ஒருநாள் வாடகை
பிறபிற வழியில் பெறப்படும் என்க.’

லாட்ஜ் வாடகை பலகையில் எழுதியிருக்கும். அதன்மேல் ஜி.எஸ்.டி. உண்டு. நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு முன்பு வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் அவற்றுக்கும் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம் ஆயிற்று. எவ்வளவு என்று தெரிந்துவிடுவதால் இதில் ஆய்வு செய்ய ஒன்றுமில்லை. ‘பில் எவ்வளவுக்குப் போடணும் சார்?’ என்று கவுன்ட்டரில் மெல்லக் கேட்கப்படும் கேள்வியும், அதற்குப் படி வாங்கும் உத்தியோகஸ்தர் சொல்லும் பதிலும் அரசுத் தணிக்கையின் எல்லைக்குள் வருபவை. இந்நூலின் எல்லைக்குள் வரா.

உறவினர் வீடு இலவசம் என்று பாமரர் கருதுவர். அதன் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். கையை வீசிக்கொண்டு போக முடியாது. ஆகவே ஊரிலிருந்து அல்வா, கருப்பட்டி, ஒரு பை முருங்கைக்காய். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் ஏற முடியாது. ஆகவே எழும்பூரிலிருந்து ஆட்டோ. போகிற வழியில் ஆப்பிளும் ஆரஞ்சும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று நினைத்துப் போனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அங்கேயே இருக்கும். ஆகவே மூன்று சாக்லேட். கிளம்பும்போது பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு நோட்டு. ‘எதுக்கு அதெல்லாம்?’ என்று தாய் சொல்ல, ‘இருக்கட்டும்’ என்று நாம் சொல்ல, பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்க, தாய் வேறு பக்கம் பார்க்க, நோட்டு கைமாறும். இந்தச் சடங்குக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது ஒன்றே லாபம்.

4. ஏவலியல்

‘எப்பொழுது வந்தாய் என்பது வரவேற்பு;
எப்பொழுது செல்வாய் என்பது வரம்பே.’

லாட்ஜுக்கும் கேள்வி உண்டு. பேரேட்டில் பெயர், ஊர், எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர், வந்த காரியம் என்று கட்டம் போட்டிருக்கும். ஆதார் நகல் கேட்பார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் அதற்கென்று தனிப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர் பேசுவது இங்குள்ளவரைவிட நல்ல தமிழாக இருந்தாலும் படிவம் படிவம்தான். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு ஒரு பெருங்குணம் உண்டு. பதிலை யாரும் படிப்பதில்லை. வந்த காரியம் என்ற கட்டத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினால் போதும். கூடுவாஞ்சேரியில் இருக்கும் சித்தியிடம் ‘சொந்த வேலை’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த வேலையின் சொந்தக்காரர் யார், அவர் எந்த ஊர், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுவரை போகும்.

உறவினர் வீட்டின் கேள்விகள் இரண்டு. ‘எப்ப வந்தே?’ என்பது வாசலில் கேட்கப்படும். ‘எப்பக் கிளம்புற?’ என்பது முதல் காப்பிக்கும் இரண்டாம் காப்பிக்கும் இடையில் கேட்கப்படும். இரண்டாவது கேள்வி ‘இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகக்கூடாதா?’ என்ற வடிவிலும் வரும், பொருள் மாறாது. முகம் மாறினால் விருந்தினன் வாடிவிடுவான் என்பதற்கு வள்ளுவர் அனிச்சப்பூவைக் கொண்டுவந்தார். ஆனால் சென்னையில் முகம் மாறுவது விருந்தினனைப் பார்த்து அல்ல. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து. ஒரு வீட்டில் இரண்டு பேர் கூடினால் மோட்டார் எத்தனை தரம் போட வேண்டும் என்று அந்த வீட்டம்மாவுக்குத் தெரியும். ‘தம்பி, குளிச்சுட்டியா?’ என்று காலையில் பரிவோடு கேட்பதில் பாதி பரிவு, பாதி நீர் மேலாண்மை.

ஏவல் கேள்வியோடு நிற்பதில்லை. ‘நீ அந்தப் பக்கம்தானே போற?’ என்று தொடங்கும் வாக்கியத்தைச் சென்னை உறவினர் அனைவரும் அறிவர். அந்தப் பக்கம் என்பது எந்தப் பக்கமாகவும் இருக்கலாம். உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர் வரும்போது பாரிமுனையில் ஸ்டீல் டப்பா வாங்கி வரலாம். தலைமைச் செயலகத்துக்குப் போகிறவர் மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவில் ஜாக்கெட் பிட்டு மாற்றி வரலாம். வீடு திரும்பினால் கேன் தண்ணீர் கீழே வந்து நிற்கும். ‘நீதான் இருக்கியே, கொஞ்சம் மேலே ஏத்திடு.’ பிறகு படுக்கை. படுக்கை ஹாலில், டிவியும் ஹாலில். தொடர் முடியும் வரை விருந்தினன் உட்கார்ந்தபடியே உறங்கக் கற்க வேண்டும். அந்தத் தொடரில் யார் யாருக்கு இரண்டாம் தாரம் என்பதை அறியாமல் சென்னையிலிருந்து ஊர் திரும்பியவர் எவரும் இல்லை.

தனியே வரும் பெண்களுக்கு இக்கணக்கு இன்னும் கனம். ஆணுக்குச் ‘சொந்த வேலை’ என்று எழுதவிடும் லாட்ஜ், தனியாக வந்த பெண்ணிடம் கட்டத்துக்கு வெளியேயும் கேள்வி கேட்கும். சில இடங்களில் அறையே இல்லை என்றுவிடும். ஆகவே அவளுக்கு உறவினர் வீடே விதி என்று பல காலம் இருந்தது. அங்கே டப்பாவும் ஜாக்கெட் பிட்டும் போதாதென்று, ‘உனக்கு எப்போ கல்யாணம்?’ என்ற மூன்றாவது கேள்வியும் சேரும். வேலை பார்க்கும் பெண்களுக்கென்று மாநில அரசு நடத்தும் தோழி விடுதிகள் வந்த பிறகு, அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்க ஆள் இல்லாத கட்டில்கள் சென்னையில் கொஞ்சம் கூடியிருக்கின்றன.

5. மறைதங்கல்

‘ஒளிந்து தங்கினும் ஒருநாள் அதுதான்
தெளிந்து போம்எனத் தெரிந்திசி னோரே.’

மேற்கண்டவற்றைக் கற்றறிந்த ஒருவர், சித்திக்குத் தெரியாமல் கென்னட் லேனில் அறை எடுத்து, வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்று எண்ணுவார். இதற்கு மறைதங்கல் என்று பெயர். இது ஒருபோதும் வென்றதில்லை.

வெளிப்படும் வழிகள் நான்கு. ஒன்று, போன். சித்தி தற்செயலாகக் கூப்பிடும்போது ‘ஊர்லதான் இருக்கேன்’ என்று சொல்லி முடிக்கும் அதே நொடியில் பின்னணியில் பயணிகளின் கனிவான கவனம் மூன்று மொழிகளில் கோரப்படும். இரண்டு, தெரு. ரங்கநாதன் தெருவில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் முகம் தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்தே தீருவார். அவர் சித்திக்கும் முகம் தெரிந்தவராக இருப்பார். மூன்று, வாட்ஸ்அப். நாம் போடாவிட்டாலும் கூட வந்த தம்பி மெரினா அலையை ஸ்டேட்டஸில் போட்டுவிடுவான். நான்கு, தாய். பெற்ற தாய் மறுவாரம் சித்தியிடம் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது ‘அவன் மெட்ராஸ் போயிட்டு வந்ததுலேர்ந்து சளி’ என்பாள்.

அதன் பிறகு வரும் ஒரு வாக்கியத்துக்காகவே இந்த ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. ‘இத்தன தூரம் வந்துட்டு வீட்டுக்கு வரலியே!’ கல்யாணத்தில் அது சொல்லப்படும். துக்க வீட்டிலும் சொல்லப்படும். சித்தப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் சொல்லப்படும்.

6. கடனியல்

‘தங்கிய கடனைத் தங்கியே தீர்ப்பர்;
இங்கிதன் மறுத்தல் ஏசலின் கொடிதே.’

இனி இந்நூலின் உயிர்நிலை. தண்ணீர் குறைவு, இடம் நெருக்கம், ஹாலில் டிவி. இத்தனைக்கும் பிறகு, வராதவனைப் பார்த்துச் சித்தி ஏன் கோபிக்கிறாள்? அவன் வராதது அவளுக்கு ஒரு நாள் வேலை மிச்சம் அல்லவா? பாசம் என்று சொல்லிவிடலாம். பாசம் இருக்கிறது. ஆனால் பாசம் மட்டும் என்றால் வருத்தம் வரும். இவ்வளவு நீண்ட நாளுக்குக் கோபம் வராது.

விடை சென்னையில் இல்லை, ஊரில் இருக்கிறது. மே மாதம் சென்னைக் குடும்பம் ஊருக்கு வருகிறது. ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று மறுபடி வருகிறது. கொடைக்கு வருகிறது, தேருக்கு வருகிறது. வந்து நம் வீட்டில்தான் இறங்குகிறது. பெரிய அண்டாவில் வெந்நீர் கொதிக்கிறது; முற்றத்தில் பாய் விரிகிறது; திரும்பும்போது முறுக்கு டின்னும் அரிசிப் பையும் காரின் டிக்கியில் ஏறுகின்றன. ‘எப்பக் கிளம்புற?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த நாளே கிளம்பிவிடுவார்களோ என்ற பயத்தில் கேட்பதில்லை. இவையெல்லாம் ஒரு கணக்கில் ஏறிக்கொண்டே போகின்றன. அந்தக் கணக்கை நாம் எழுதுவதில்லை. சித்தி எழுதுகிறாள், மனதுக்குள்.

அந்தக் கடனை அடைக்க அவளுக்கு இருப்பது ஒரே வழி. நாம் சென்னைக்கு வர வேண்டும். அவள் வீட்டில் தங்க வேண்டும். ஹாலில் படுத்தாலும் சரி, அவள் கையால் நான்கு இட்லி தின்ன வேண்டும். நாமோ கென்னட் லேனில் பணம் கட்டி அறை எடுக்கிறோம். கடன் கொடுத்தவன் வசூலிக்க மறுத்து, எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். கடன் பட்டவருக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை. சித்தியின் இரண்டாவது வாக்கியத்தைப் பலர் காதில் வாங்குவதில்லை. ‘அப்ப, நாங்க மட்டும் அங்க வந்து பத்து நாளு கிடக்கலாமா?’ இந்தக் கோட்பாடு முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

‘உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னுதான் சித்தி’ என்று நாம் சொல்லும் சமாதானம் ஏன் எடுபடுவதில்லை என்பதும் இதனால் விளங்கும். அவளைத் தொந்தரவிலிருந்து காப்பாற்றுவதாக நாம் நினைக்கிறோம். அவளைக் கடனிலேயே விட்டுவிட்டோம் என்று அவள் நினைக்கிறாள். இனி குற்றாலத்துக்கு அவள் எந்த முகத்தோடு வருவாள்?

ஆகவே செய்யத்தக்கது யாதெனின், பிரித்துத் தங்குதல். வரும்போது இறங்கிய நிலையத்து லாட்ஜ், இடம் கிடைத்தது. காரியம் முடிந்ததும் கடைசி இரவு சித்தி வீடு, கடன் கழிந்தது. ஏன் கடைசி இரவு? கையில் திரும்பும் டிக்கெட் இருப்பதால் ‘எப்பக் கிளம்புற?’ என்பதற்கு ரயில் பெயரோடும் பெட்டி எண்ணோடும் பதில் சொல்லலாம். கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. வேலையெல்லாம் முடிந்துவிட்டதால் ‘அந்தப் பக்கம்தானே போற?’ என்பதற்கும் இடமில்லை. தெற்கே போகும் ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நின்று போவதால், தூரம் என்று இதுவரை பழித்த கூடுவாஞ்சேரி வீடு திரும்பும் நாளில் பக்கமாகிவிடுகிறது. டிக்கெட் எடுக்கும்போதே ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று போட்டுக்கொள்ள வேண்டும். கொங்கு நாட்டார் தங்கள் வண்டி நிற்கும் ஊர் பார்த்து இதையே செய்க.

இரவு தங்காமல் பகலில் சாப்பிட்டுவிட்டு மட்டும் கிளம்பினால் ஆகாதா எனின், ஆகாது. பகல் சாப்பாடு வட்டிக்குப் போகும், அசல் நிற்கும்.

7. புறனடை

‘கூறிய அல்ல பிறவுள வெனினும்
மாறிய ஊரில் மரபொடு கொளலே.’

சொல்லாமல் விட்டவை உண்டு. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அறைக்கு வெளியே ஜமக்காளத்தில் படுப்பவர், ரயில் நிலைய ஓய்வறையில் டிக்கெட்டைக் காட்டிக் கட்டில் எடுப்பவர், முகூர்த்த நாளில் தி.நகரில் ஓர் அறையும் கிடைக்காமல் வடபழனிவரை போனவர், எல்லோரும் இவ்விதிகளுக்குள் எங்காவது அடங்குவர்.

நம் ஊருக்கே வராத உறவினர் சென்னையில் இருந்தால் கடன் இல்லை. அங்கே மறைதங்க வேண்டியதும் இல்லை. நேராகவே லாட்ஜில் தங்கலாம். ஆனால் அப்படிப்பட்டவர் நம்மைக் கூப்பிடப்போவதும் இல்லை என்பதால், இச்சலுகை இருந்தும் பயனில்லை. சென்னைக்கே குடிபெயர்ந்துவிட்டவர்க்கு இந்நூல் தேவைப்படாது. அவர்கள் இதை மறுபக்கத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றே: ஊரிலிருந்து வந்தவர் பையை இறக்கியதும், அதில் அல்வா இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, ‘எப்பக் கிளம்புற?’ என்று கேட்க வேண்டாம். இரண்டாம் காப்பிவரை பொறுக்கலாம்.

தங்கியல் முற்றிற்று.